அஞ்சாம் நம்பர் பெட்டு

அந்த லைட்டை இப்ப மாட்டாத பாப்பா. வந்தவொடனே வீடியோவா? உக்காரு மொதல்ல. அந்தச் சேர்ல வேணாம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காரு. வைட்ஃபீல்டுலருந்து பொம்மனஹள்ளிக்கு இந்த டிராஃபிக்ல வந்திருக்க, ரெண்டு மணி நேரம் ஆயிருக்கும்ல? ரெண்டேகாலா? பாத்தியா. அவ்ளோ நேரம் ஒரே சீட்ல உக்காந்து வந்தியே, இடுப்பு வலிச்சுதா இல்லியா? இப்பிடி ஒரு தடவ, அப்பிடி ஒரு தடவ நெளிஞ்சிருப்ப. உனக்கே தெரியாம நெளிஞ்சிருப்ப. அந்த நெளியறது இருக்கு பாரு, அதுதான் எங்க வீட்டுக்காரருக்கு இல்லாமப் போச்சு. அவ்ளோதான் இந்த வியாதி. மத்ததெல்லாம் டாக்டருங்க வைக்கற பேரு.

எந்தச் சத்தம்? ஓ, அதுவா. காத்து மெத்தையோட மோட்டாரு. கொர்ருன்னு எந்நேரமும் ஓடும். நிறுத்த முடியாதும்மா, நிறுத்தினா மெத்தை சப்புன்னு போயிடும். வீடியோவுல விழுந்தா விழட்டும். நாங்க வாங்கல, ஒருத்தங்க குடுத்தாங்க. சொல்றேன், அதுக்கும் வரேன்.

அவரு தூங்கறாரு. மாத்திரை போட்டிருக்கு. நாலு மணிக்குத் திருப்பணும், அப்ப எழுந்துக்குவாரு. நீ இந்தத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து பேசு, ஒண்ணும் ஆவாது.

ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? உன் குர்த்தாவுல கை ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடு. தெரியலையா? ஜன்னல் பக்கம் திரும்பு. ஆங், இப்பத் தெரியுதா? எவளோ நம்பர் மாத்தி ஒட்டிட்டா. நான் கார்மெண்ட்ஸ்ல பத்தொம்பது வருசம் நம்பரிங்ல இருந்தவ. துணிய நூறு மடிப்பா அடுக்கி ஒரே வெட்டா வெட்டுவாங்க. ஒவ்வொரு மடிப்புக்கும் லேசா கலரு மாறும். அதனால நாப்பத்தேழாவது மடிப்போட முதுகுக்கு நாப்பத்தேழாவது மடிப்போட கையத்தான் தைக்கணும். அதுக்குத்தான் பீசு பீசா குட்டி ஸ்டிக்கர் ஒட்டறது. ஒரு நாளைக்கு நாலாயிரம் அஞ்சாயிரம் ஒட்டுவோம். கண்ணு தன்னால நம்பருகிட்டப் போயி நின்னுக்கும். பஸ்ல போனா பக்கத்து வண்டி நம்பரப் படிப்பேன். கெட்ட பழக்கம். இவரும் அங்கதான் கட்டிங் மாஸ்டர். இவரு வெட்டறதுக்கு நான் நம்பர் ஒட்டுவேன். அப்பிடித்தான் கல்யாணமே ஆச்சு.

சரி, அந்தப் பேப்பரக் குடு, என்ன பேசணும்னு எழுதியிருக்கீங்க? கண்ணாடி எங்க வச்சேன். ஆங். வணக்கம், என் பெயர் பிரபா. என் கணவர் சுந்தரமூர்த்தியின் முதுகில் ஒரு சிறு புண்கூட இல்லை. இந்தச் சின்னஞ்சிறு கருவி எங்கள் குடும்பத்தின் காவல் தெய்வம். சீ, என்ன கருமம்மா இது? யாரு எழுதினது? நீயா? ஐயோ, நீ எழுதினதா. சரி விடு, படிச்ச புள்ள, உன் வேலை அது. ஆனா காவல் தெய்வம்னு என் வாயால வராது. இந்த பனியன் யாருக்கு? அவருக்கா? உங்க கம்பெனி பேரு போட்ட பனியன அவருக்கு மாட்டி, இப்பிடிக் கட்டை விரலத் தூக்கிக் காட்டச் சொல்லணுமா? வேணாம்மா. குமட்டுது எனக்கு. உன்ன இல்ல. உன்னச் சொல்லலப்பா, உக்காரு.

நீ அந்தப் புண்ணப் பாத்திருக்கியா? லேப்டாப்புல படம் பாத்திருப்ப. கிட்டக்கப் போயி மோந்திருக்கியா? அதான். இவரு ஓசூர் ரோட்டுல வண்டியோட விழுந்தாரு ஆகஸ்டுல. கழுத்தெலும்பு. மார்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது, கையும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. மொதல்ல சேத்த ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாள் மல்லாக்கவே போட்டு வச்சாங்க. அங்க எதிர் பெட்டுல ஒரு தாத்தா. அவருக்குக் கட்டு மாத்தும்போது நான் பாத்தேன். இடுப்புக்குக் கீழ எலும்பு தெரியுது பாப்பா. என் கைமுட்டி உள்ள போவும், அவ்ளோ பள்ளம். அந்த நாத்தம் இருக்கே, வீட்டுக்கு வந்து தல முழுகினாலும் மூக்குலயே உக்காந்திருக்கும். சோத்துல அடிக்கும், தண்ணியில அடிக்கும். அந்தத் தாத்தாவோட மகன் கர்ச்சீப்ப மூக்குல வச்சுக்கிட்டு தூரமா நின்னு போன் பேசிக்கிட்டு இருப்பான். எனக்கு அவனப் பாத்து அருவருப்பு. பெத்தவன் அழுவறான், நீ கர்ச்சீப்புல செண்டு போட்டு நிக்கறியேன்னு. பெரிய ஒழுக்கக்காரி மாதிரி நினைச்சேன்.

அங்கருந்து வரும்போதே இவருக்கு வாலெலும்புகிட்ட ஒரு ரூபா காசு அளவு செவப்பு. அமுக்கினா வெள்ளையாவல. அதான் ஆரம்பமாம். அப்புறம்தான் உங்க கம்பெனியோட இந்தக் கருவி, இந்தப் பட்டன், இருக்கற ஆஸ்பத்திரிக்கு மாத்தினோம்.

பட்டனத் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல பொருளு. நெஞ்சுல ஒரு பிளாஸ்திரி, அதுக்குள்ள காசு மாதிரி ஒண்ணு. ஆளு எந்தப் பக்கம் படுத்திருக்காரு, எவ்ளோ நேரமா படுத்திருக்காருன்னு அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லுது. வார்டு வாசல்ல பெரிய டிவி. எட்டு பெட்டுக்கு எட்டு கட்டம். திருப்பிப் போட்டா பச்சை. ரெண்டு மணி நேரம் ஆவப் போவுதுன்னா மஞ்சள். தாண்டிப் போச்சுன்னா செவப்பு, கீ கீன்னு கத்தும். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி, திருப்பினோம்னு நோட்டுல எழுதிட்டுப் போயிடுவாங்களாம், திருப்பாமயே.

ஆனா என்னாச்சு தெரியுமா? எல்லாம் அந்த டிவியத்தான் பாத்தாங்க. ஆளப் பாக்கறதில்ல. நான் போயி, சிஸ்டர், அவரு ஒரு மாதிரி இழுத்துக்கிட்டுக் கெடக்கறாரு வாங்கன்னா, திரும்பி டிவியப் பாப்பா. கிரீன் இருக்கில்ல அம்மான்னுவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். மனுசன் இங்க கெடக்கறான், நீ சொவத்தப் பாக்கற. எட்டு பேருக்கு ரெண்டே சிஸ்டருங்க, அதையும் சொல்லணும். மமதா சிஸ்டர்தான் இன்சார்ஜ். கன்னடத்தவங்க, கத்துவாங்க, கெட்டவங்க இல்ல. செவப்பு ஆனப்புறம்தான் வருவாங்க. வந்து திருப்பறதுக்கு இன்னும் அரை மணி. ரெண்டு மணி நேரங்கறது ரெண்டரை, மூணு ஆயிடும். நாங்க கூட இருக்கக் கூடாது. காலைல ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம். அவ்ளோதான் விடுவாங்க. வாசல்ல பேனர் வேற, புண் இல்லாத வார்டுன்னு. நூறு நாளு ஆச்சுன்னு கேக்கு வெட்டி எங்களுக்கெல்லாம் ஒரு துண்டு குடுத்தாங்க. பக்கத்துல ஒருத்தருக்கு மூத்திரப் பை நெரம்பி வழியுது, இங்க கேக்கு. த்தூ.

நாங்க அஞ்சாம் நம்பர் பெட்டு. நேர் எதிர்ல மூணாம் நம்பர். டொமினிக்னு ஒரு அண்ணன், லிங்கராஜபுரம். ஸ்கூல் வேன் ஓட்டினவரு. ஸ்ட்ரோக்கு வந்து பேச்சு போச்சு, வலது பக்கம் போச்சு. கண்ணு மட்டும்தான். போறவங்க வரவங்களப் பின்னாலயே கண்ணு வரும். அவரு சம்சாரம் பிலோமினா அக்கா. நல்ல பொம்பள. வந்தவொடனே மூணாம் கட்டம் பச்சையான்னு டிவியப் பாப்பாங்க. பச்சையா இருந்தா அதுக்கு எதிர்ல நின்னு சிலுவை போட்டுப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் எனக்கும் ஒரு டப்பா கொண்டாந்து குடுப்பாங்க, லெமன் ரைஸ், ஊறுகா. நீ சாப்ட மாட்ட, எனக்குத் தெரியும்னு. தெரியாத எடத்துல கூடப் பொறந்தவங்க மாதிரி.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளு, செவ்வாக்கெழமை, பெரிய டாக்டரு என்னத் தனியாக் கூப்பிட்டாரு. அம்மா, அந்த எடத்துல தோலு கிழிஞ்சா நான் ஆபரேஷன் பண்ண மாட்டேன், கழுத்துல கம்பி வைக்கும்போது சீழு உள்ள போயிட்டா ஆளே இல்லன்னாரு. அடுத்த வாரம் பாக்கறேன், காஞ்சிருந்தா பண்றேன், இல்லன்னா இப்பிடியே வீட்டுக்குக் கூட்டிப் போயிடுங்கன்னாரு. இப்பிடியேன்னா எப்பிடி? கை கூட வராம. மூக்கு அரிச்சா அடுத்தவங்கதான் சொறியணும். அன்னிக்குச் சாயந்தரம் நான் திருப்பிப் பாக்கறேன், அந்தச் செவப்பு ஓரத்துல மினுமினுன்னு ஆவ ஆரம்பிச்சிருக்கு. கொப்புளம் கட்டப் போவுது.

மறுநாள் பூஜை. உனக்குத் தெரியும்ல இந்த ஊருல எப்பிடிப் பண்ணுவாங்கன்னு. ஆம்புலன்ஸுக்கு வாழக்கன்னு, கம்ப்யூட்டருக்குக் குங்குமம், பிபி மிஷினுக்குப் பூவு. வாசல்ல பூசணிக்கா உடைச்சு எவனோ வழுக்கி விழுந்தான். மமதா சிஸ்டருக்கு பக்தி ஜாஸ்தி. உங்க பட்டனத்தான் அவங்க ரொம்ப நம்பினாங்க. ராவும் பகலும் உழைக்குது பாவம், அதுக்கு பூஜை இல்லாமலா? எட்டு பேரு நெஞ்சுலருந்தும் எட்டையும் கழட்டி ஒரு தட்டுல வச்சு, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவந்தி இதழு. கற்பூரம் காட்டினாங்க. நான் அந்நேரம் காலைல பாக்க வந்திருந்தேன், நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன். எல்லாருக்கும் பொரிகடலை, ஒரு கப்பு கேசரிபாத்து, நம்ம கேசரிதான். அப்புறம் பட்டன எல்லாம் திரும்ப மாட்டிட்டாங்க.

சிரிக்கறியா? சிரி. இதெல்லாம் உங்க ரிப்போர்ட்டுல இருக்காது. எனக்கு அது தப்பாத் தெரியல. நாங்களும் கம்பெனியில கட்டிங் மிஷினுக்கு மாலை போடுவோம்.

அன்னிக்கு மத்தியானத்துலருந்துதான் எங்க அஞ்சாம் கட்டம் செவப்பாவே நின்னுச்சு. திருப்பறாங்க, செவப்பு. மறுபக்கம் திருப்பறாங்க, செவப்பு. கீ கீ கீன்னு காது கிழியுது. மமதா சிஸ்டரு தலையில கை வச்சுக்கிட்டு, மிஷின் ஹாளாகிதேங்கறாங்க, கெட்டுப் போச்சாம். உங்க கம்பெனிக்குப் போன் போட்டாங்க. புதன், வியாழன் லீவு, வெள்ளி ஒரு நாள் சேத்துப் போட்டுக்கிட்டு அஞ்சு நாளும் எவனும் எடுக்கல. ஒருத்தன் மட்டும் எடுத்து, மண்டே பாக்கறோம், அதுவரைக்கும் சேஃப்டிக்கு அந்தப் பேஷண்ட்ட அடிக்கடி திருப்பிக்கிட்டே இருங்கன்னு சொன்னானாம். எங்கயோ ரிசார்ட்ல இருந்தானாம், பாட்டு சத்தம் கேட்டுச்சாம்.

அப்புறம் பாக்கணுமே. அரை மணிக்கு ஒருக்கா வந்து திருப்பறாங்க. அது கத்தறத நிறுத்தணும்ல, அதுக்காவ. இவரு, பிரபா, இவளுங்க என்னத் தூங்கவே விட மாட்டேங்கறாளுங்க, தோச மாதிரி போட்டுப் பொரட்டறாளுங்கன்னு அழுவறாரு. வாய மூடிக்கிட்டுக் கெடன்னேன். வெள்ளிக்கெழமை பாக்கறேன், அந்த மினுமினுப்பு இல்ல. சனிக்கெழமை செவப்பு ஓரத்துலருந்து மங்குது. ஞாயித்துக்கெழமை தொட்டுப் பாத்தா சாதாரண தோலு. பழுப்பா ஒரு தழும்பு மட்டும்.

ஆமா, ஆமா, அந்த கிராஃப் உங்ககிட்ட இருக்கும். ஒரு நாளைக்கு நாப்பது தடவ திருப்பினதா? இருக்கும். காட்டாத, எனக்கு வேணாம்.

மூணாம் கட்டமா? பச்சை. அஞ்சு நாளும் பச்சை. ஒரு தடவ மஞ்சளாவல. பிலோமினா அக்காவுக்கு அவ்ளோ சந்தோஷம். என் கையப் புடிச்சுக்கிட்டு, பிரபா, எங்க வீட்டுக்காரருக்கு பாரு, கர்த்தரு கண்ணத் தெறந்துட்டாரு. உங்களுக்குத்தான் செவப்பாவே இருக்கு, நீ கவலப்படாத, நான் உங்க அஞ்சாம் நம்பருக்காகவும் ஜெபம் பண்றேன்னாங்க. பண்ணாங்க பாப்பா. டிவி எதிர்ல நின்னு கண்ண மூடிக்கிட்டு, எங்க கட்டத்துக்கு நேரா கைய நீட்டி.

நான் அவங்க கொண்டாந்து குடுத்த லெமன் ரைஸ் டப்பாவ மூடி வச்சேன்.

ஞாயித்துக்கெழமை சாயந்தரம் வந்துச்சு அந்த வாசனை. மொதல் ஆஸ்பத்திரி வாசனை. லேசா, இனிப்பா. எனக்கு மூக்கு உடனே சொல்லிடுச்சு. இவரோடதுன்னு பயந்து மோந்தேன், இல்ல. எதிர்லருந்து. டொமினிக் அண்ணன் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. கண்ணு நகரல. பிலோமினா அக்கா செண்டு மாதிரி ஒண்ணு கொண்டாந்து அவரு சட்டையில அடிச்சுக்கிட்டு இருக்காங்க, வியர்வைன்னு நினைச்சுக்கிட்டு. நான் டிவியப் பாத்தேன். பச்சை. மமதா சிஸ்டர் மாதிரி நானும் அந்தப் பச்சையப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

அதென்ன, காலைல துணி மாத்தறப்ப முதுகப் பாத்திருப்பாங்களேங்கறியா? பண்டிகை நாள்ல வேலைக்கு வந்ததே பாதி பேரு. இந்த ஓரம் இழுத்து அந்த ஓரம் உருவிட்டுப் போயிடுவாங்க. பச்சையா இருக்கறவரு முதுக எவ பாக்கப் போறா?

திங்கக்கெழமை உங்க பையன் வந்தான், ஹரிஷ்குமார்னு பேட்ஜ் போட்டுக்கிட்டு. ஒண்ணையும் பாக்கல. எட்டையும் கழட்டிப் பைக்குள்ள போட்டான், புதுசு எட்டு மாட்டினான். சென்சார் ஃபால்ட்டுன்னு எழுதினான். முடிஞ்சுது. மூணாம் நம்பருக்குப் புதுசு மாட்டத் தூக்கினப்பதான் துணி முதுகோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. மமதா சிஸ்டர் கத்தினாங்க பாரு. நான் வெளிய வராண்டாவுல இருந்தேன், அங்க கேட்டுச்சு.

சர்க்கரைன்னாங்க. டயாபெடிஸ் உடம்பு, எவ்ளோ திருப்பினாலும் சில பேருக்கு வரும், பாருங்க ரெக்கார்டுல முழுக்கப் பச்சைன்னு அந்தக்காகிட்ட கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டினாங்க. உங்க கம்பெனியும் அப்பிடித்தான் எழுதியிருக்கா? எழுதியிருப்பீங்க. ஐசியூவுக்குப் போனாரு. ரத்தத்துல கலந்துடுச்சு. பத்தொம்பதாம் நாளு போயிட்டாரு.

இவருக்கு அதுக்குள்ள ஆபரேஷன் ஆயிடுச்சு. பெரிய டாக்டரு முதுகப் பாத்துட்டு, சபாஷ்னாரு. இன்னிக்குக் காலைல டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சுக் காப்பி குடிச்சாரு. பாதி மேல கொட்டிக்கிட்டாரு. ஆனா புடிச்சாரு. நீ அதத்தான் வீடியோவுல எடுக்க வந்திருக்க. தெரியும்.

மெத்தையக் கேட்டல்ல. அது டொமினிக் அண்ணனோடது. வீட்டுக்குக் கூட்டிட்டு வருவோம்னு நம்பி அந்தக்கா முன்னாடியே வாங்கி வச்சிருந்தாங்க. பிரிக்கவேயில்ல. அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு ஆட்டோவுல வச்சு அவங்களே கொண்டாந்தாங்க. எங்களுக்கு இனிமே எதுக்கு, உங்க அஞ்சாம் நம்பரு நல்லபடியா எழுந்திரிக்கட்டும்னு. இதுக்கு மோட்டார் எப்பிடிப் போடறதுன்னு கீழ உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க.

ஞாயித்துக்கெழமையானா போன் பண்ணுவாங்க. மொதல்ல இவரப் பத்திக் கேப்பாங்க. அப்புறம் அழுவாங்க. ஏன் தெரியுமா? ஆயுத பூஜையன்னிக்கு குடுத்த கேசரிபாத்துல ஒரு ஸ்பூன அவரு நாக்குல வச்சாங்களாம். பாவம், பண்டிகையாச்சே, ருசி பாக்கட்டும்னு. டாக்டரு சர்க்கரைன்னு சொன்னதிலருந்து, நான்தான் பிரபா, நான்தான் இனிப்பு குடுத்து அவரக் கொன்னுட்டேன்னு. ஒரே ஒரு ஸ்பூன். பாதரு கிட்டயும் போயி பாவமன்னிப்பு கேட்டாங்களாம். நான் போன காதுல வச்சுக்கிட்டு, அழாதீங்கக்கா, விதிக்கான்னு சொல்றேன். வாரா வாரம் சொல்றேன். வச்சதும் போயி வாய் கொப்புளிக்கறேன். அப்பவும் போவல.

நீ கொண்டாந்த டப்பாவுல இருக்கறது அந்தப் பட்டன்தானே? குடு பாப்போம். வீடியோவுல கையில புடிக்கணுமா? இப்ப நம்பர உள்ளயே அச்சடிச்சிட்டீங்களா. நல்லது. அப்ப மேல வெள்ளை ஸ்டிக்கருதான். பெட்டு நம்பர மார்க்கருல எழுதி ஒட்டியிருப்பாங்க. சந்தனம் மேல காஞ்சா ஒண்ணும் தெரியாது.

பூஜையன்னிக்கு, அந்தப் புதன்கெழமை சாயந்தரம், இவரு நெஞ்ச ஈரத்துணியால தொடைச்சேன். சந்தனம் திட்டா இருந்துச்சு, நகத்தால சுரண்டினேன். மூணுன்னு இருந்துச்சு பாப்பா. எங்களது அஞ்சு. திரும்பி எதிர்ப் பக்கம் பாத்தேன். டொமினிக் அண்ணனோடதுல ஒரு ஓரமா சந்தனம் உதிர்ந்து அஞ்சோட வாலு தெரியுது. தட்டுலருந்து எடுத்து மாட்டும்போது மாறிப் போச்சு. அப்ப இவர எத்தன தடவ திருப்பினாலும் மூணாம் கட்டம்தான் பச்சையாவும். அஞ்சாம் கட்டத்துல கத்தறது டொமினிக் அண்ணன் முதுகு. நான் நம்பரிங்காரி. ஒரு நிமிசம் ஆவல எனக்குப் புரிய.

மமதா சிஸ்டரக் கூப்பிட வாயத் தெறந்தேன். நெசமா தெறந்தேன். அதுக்குள்ள அவங்களே ஓடி வந்து, இன்னும் ரெட்டான்னு சொல்லிக்கிட்டு இவரத் திருப்பினாங்க. அன்னிக்கு அது எட்டாவது தடவ. அந்த மினுமினுப்பு இருந்த எடம் மேல வந்து காத்தோட்டமா நின்னுச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். இன்னும் ஒரே ஒரு நாள்.

சொல்லாம மட்டும் இருக்கல. விரல எச்சில் பண்ணி, பக்கத்துல கெடந்த குங்குமத்தத் தொட்டு, அந்த மூணு மேலயே திரும்ப அப்பினேன். நல்லா மறையற மாதிரி. எதிர் பெட்டுலருந்து அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு.

அழுவாத. நீ எதுக்கு அழுவற? மூக்கத் தொட. நான் இந்த வீடியோவுக்கு ஒத்துக்கிட்டதே இதுக்குத்தான். போன்ல சொல்ல வரல. லிங்கராஜபுரம் வரைக்கும் ரெண்டு தடவ பஸ் ஏறிப் போயி, கேட்டுகிட்ட நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். அவங்க மூஞ்சியப் பாத்தா என்னால முடியாது. லைட்டு போட்டு, நீ எதிர்ல உக்காந்தா சொல்லிடுவேன். உங்க கம்பெனிக்கு வேணும்னா அந்தப் பேப்பரையும் ஒரு தடவ படிக்கறேன், எனக்கென்ன. ஆனா இதையும் எடு. எடுத்து அந்தக்கா நம்பருக்கு அனுப்பிடு. வேலை போயிடுமா? உன் போன்ல வேணாம்னா என் போன்ல எடு.

நாலு ஆயிடுச்சு. மொதல்ல இவரத் திருப்பணும், திரையத் தள்ளிட்டு அந்தப் பக்கம் வா. தோளுக்குக் கீழ கை குடு. இடுப்ப நான் புடிச்சுக்கறேன். ஏங்க. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்களா? எப்பலருந்து? சரி. கேட்டா கேட்டுட்டுப் போங்க, உங்களுக்கும் தெரியணும்தான். ம், திருப்பு. மெதுவா. அவ்ளோதான். அந்தத் தலகாணிய முதுகுக்குக் குடு. பாத்தியா, முதுகு எப்பிடி இருக்குன்னு. ஒரு கீறல் இல்ல.

வா, இப்ப லைட்டப் போடு. இங்க பாக்கணுமா, அந்தச் செவப்புப் புள்ளியவா? ஓடுதா?

பிலோமினா அக்கா, நீங்க குடுத்த அந்த ஒரு ஸ்பூனால இல்ல.